பத்து மடங்கு இதயம்

கைப்பேசியில் வந்திருந்த ரிப்போர்ட்டை ஸ்டானிஸ்லாஸ் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். கண்ணாடி இல்லாமல் படித்ததால்தான் அப்படித் தெரிந்தது என்று ஒரு நம்பிக்கை இருந்தது. கண்ணாடிக்குப் பிறகும் அதே எண்தான் இருந்தது.

பத்து.

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருவது அவர் வேலை. அதற்கான லைசென்ஸைப் புதுப்பிக்க மெடிக்கல் செக்கப் போனபோது, பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது, எதற்கும் இதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் அவருடைய அடுக்குமாடி வீட்டுக்குப் பின்தெருவிலேயே ஓர் இருதய கிளினிக் இருந்தது. அங்கே இருட்டறையில் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நெஞ்சில் ஜில்லென்று எதையோ தடவி, ஒரு கருவியை விலா எலும்புக்கு நடுவே வைத்து அழுத்தி அழுத்திப் படம் எடுத்தார்கள். டாக்டர் லீவில் இருக்கிறார், ரிப்போர்ட் உங்கள் போனுக்கு வந்துவிடும், அடுத்த வாரம் வந்து டாக்டரைப் பாருங்கள் என்று கவுன்டரில் இருந்த தாமரை என்ற பெண் சொன்னாள்.

சொன்னபடி ரிப்போர்ட் வந்துவிட்டது. டாக்டர்தான் வரவில்லை.

ரிப்போர்ட்டில் அவருக்குப் புரிந்தது அவருடைய பெயரும் வயதும்தான். அதற்குக் கீழே, இதயச் சுவரின் தடிமன் என்று ஆங்கிலத்தில் ஒரு தலைப்பு. அதன் கீழே ஐ.வி.எஸ்.டி. என்று சில எழுத்துகள், எதிரே பத்து. அடுத்த வரியில் ஐ.வி.எஸ்.எஸ்., எதிரே பதினாலு. ஆரோக்கியமான மனிதனுக்கு இது எவ்வளவு இருக்கவேண்டும் என்று அவர் போனிலேயே தேடிப் பார்த்தார். புள்ளி ஆறிலிருந்து ஒன்று வரை என்று வந்தது. வேறு இடத்தில் தேடினார். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள்.

ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் பத்து. ஸ்டானிஸ்லாஸ் பள்ளியில் கணக்கில் புலி இல்லை. ஆனாலும் இதற்குப் புலி தேவைப்படவில்லை. அவருடைய இதயச் சுவர் பத்து மடங்கு தடித்திருந்தது. சுவரே இவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டால் உள்ளே இரத்தம் எங்கே போய் நிற்கும் என்று யோசித்தார். கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கிளினிக் நம்பர்.

நல்ல செய்தி சொல்வதற்காக ஒரு ஆஸ்பத்திரி யாரையாவது கூப்பிட்டதாக அவர் கேள்விப்பட்டதில்லை. சத்தத்தை அடக்கி, போனை சோபா மெத்தைக்கு அடியில் தள்ளி, அதன் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார். அது கீழே கிடந்து அதிர்ந்தது. அந்த அதிர்வு முதுகெலும்பு வழியாக ஏறி நெஞ்சுக்கு வந்தபோது, போனா இதயமா என்று அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மனைவி கெர்ட்ரூடிடம் இதைச் சொல்லக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தார். அவள் தாங்கமாட்டாள். ஒரு வாரமாவது நிம்மதியாக இருக்கட்டும்.

அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல டிவி பக்கம் போகத் திரும்பியவர், கழுவும் தொட்டியில் கிடந்த தட்டுகளைப் பார்த்தார். நான் போய்விட்டால் இவள் இத்தனையையும் தனியாகத்தானே கழுவவேண்டும் என்று நெஞ்சு கலங்கியது. பிறகுதான், கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் தனியாகத்தான் கழுவுகிறாள் என்பது ஞாபகம் வந்தது. கலக்கம் இன்னும் கூடியது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குழாயைத் திறந்தார்.

கெர்ட்ரூட் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னங்க, தண்ணி வரலையான்னு பாக்கறீங்களா?"

"இல்ல. நீ போய் உட்காரு."

அவள் போய் உட்கார்ந்தாள். ஆனால் டிவியைப் போடாமல், திரும்பித் திரும்பிச் சமையலறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கீழ்மாடி அய்யாவுவிடம் போனார். அய்யாவு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில் பணி ஓய்வு பெறும் வரை வேலை பார்த்தவர். அந்தக் குடியிருப்பில் யாருக்கு எந்த மாத்திரை என்றாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் விழுங்குவார்கள். அவர் வேலை பார்த்தது துணி வெளுக்கும் பிரிவில் என்பதை அவரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

அய்யாவு போனைத் தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்தார்.

"இதுல கடைசி எழுத்துதான் முக்கியம், ஸ்டானி. பத்துக்குப் பக்கத்துல டி போட்டிருக்கான் பாரு. டி-ன்னா டேஞ்சர்."

"பதினாலுக்குப் பக்கத்துல எஸ் போட்டிருக்கே அண்ணே?"

"எஸ்-ன்னா சீரியஸ்."

 அய்யாவு இன்னொன்றையும் கண்டுபிடித்துச் சொன்னார். இரண்டும் ஒரே சுவர்தான். ஒரே ஸ்கேன்தான். அப்படியானால் ஸ்கேன் எடுக்க ஆரம்பித்தபோது பத்தாக இருந்தது, எடுத்து முடிப்பதற்குள் பதினாலாகிவிட்டது. இருட்டறையில் தாம் எவ்வளவு நேரம் படுத்திருந்தோம் என்று ஸ்டானிஸ்லாஸ் நினைத்துப் பார்த்தார். அரைமணி நேரம்கூட இருக்காது. அந்த வேகத்தில் போனால் இப்போது எவ்வளவு ஆகியிருக்கும் என்று மனக்கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் பயந்து நிறுத்திவிட்டார்.

வைத்தியமும் அய்யாவுவிடம் இருந்தது. உப்பு கூடாது. சிகரெட் கூடாது. கோபம் கூடவே கூடாது, கோபப்பட்டால் சுவர் விறைக்கும். அதோடு கொள்ளு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். கொழுத்தது உடம்பாக இருந்தால் என்ன, இதயமாக இருந்தால் என்ன?

ஸ்டானிஸ்லாஸ் மேலே வந்து, இனிமேல் எனக்குக் காலையில் கொள்ளுச் சுண்டல், மத்தியானம் கொள்ளு ரசம், ராத்திரி கொள்ளுக் கஞ்சி, எதிலும் உப்பு வேண்டாம் என்று சொன்னார். ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்காமல் கெர்ட்ரூட் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். பாவம், வெள்ளை மனசு, எதையும் சந்தேகப்படத் தெரியாது என்று அவள் போவதைப் பார்த்துக்கொண்டே பால்கனியில் நின்றார். பாக்கெட்டில் இருந்த சிகரெட்டுகளைத் தொட்டிச் செடிக்குள் புதைத்தார்.

வீட்டில் கோபப்படாமல் இருப்பது சுலபமாக இருந்தது. வேலையில்தான் கஷ்டம். டிரைவிங் ஸ்கூலில் மாணவர்கள் அவருக்கு லோரி ஹாரன் என்று பெயர் வைத்திருந்தார்கள். செராஸில் அவர் திட்டினால் அடுத்த ஊர் காஜாங்கில் சிக்னல் விழும் என்று முதலாளி லோகனே சொல்வதுண்டு. இத்தனைக்கும் அவரிடம் படித்தவர்கள்தான் அதிகம் பாஸானார்கள்.

அன்று மலரின் முறை. மலர் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். ஏற்கெனவே டெஸ்டில் இரண்டு முறை விழுந்தவள். ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்கும். புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போவதற்குள் கார் இடது பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி, சாலையோரச் சாக்கடையை நோக்கிப் போக ஆரம்பித்தது. வழக்கமாக இந்த இடத்தில் அவர் போடும் சத்தத்துக்குப் பக்கத்துக் கார்களே பிரேக் போடும்.

ஸ்டானிஸ்லாஸ் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டார்.

"மலர், உங்களுக்கு சௌகரியப்பட்டா, கொஞ்சம் வலது பக்கம் போகலாமா?"

மலர் சடக்கென்று பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினாள். அவரையே பார்த்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"திட்டக்கூட வேணாங்கிற அளவுக்கு மோசமாயிட்டேனா அங்கிள்?"

அப்படியெல்லாம் இல்லை, நன்றாகத்தான் ஓட்டுகிறீர்கள் என்று அவர் சமாதானம் சொன்னார். அதைக் கேட்டு அவள் இன்னும் அதிகமாக அழுதாள். அந்த வாரத்துக்குள் வேறு சில மாணவர்களும் லோகனிடம் போய், அங்கிள் எங்களை வாங்க போங்க என்று கூப்பிடுகிறார், பயமாக இருக்கிறது, வேறு ஆளிடம் மாற்றிவிடுங்கள் என்று கேட்டார்கள். லோகன் அவரைக் கூப்பிட்டு, வேலையை விட்டுப் போகிற எண்ணம் ஏதும் இருக்கிறதா என்று தயங்கித் தயங்கி விசாரித்தார். நானாகப் போகமாட்டேன் என்றார் ஸ்டானிஸ்லாஸ். சொன்ன பிறகுதான் அந்த வாக்கியத்தின் ஆழம் அவருக்கே உறைத்தது.

இதற்கிடையில் வீட்டில் கெர்ட்ரூட் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்திருந்தாள். குளியலறைக் குழாய் ரொம்ப நாளாக ஒழுகுகிறதே என்றாள். அன்றைக்கே ஆளைக் கூட்டிவந்து சரிசெய்தார். திரைச்சீலைக்குப் பச்சை நிறம் நன்றாக இருக்கும் என்றாள். அவருக்குப் பச்சை பிடிக்காது. எத்தனை நாள் பார்க்கப்போகிறோம் என்று தலையாட்டினார். கேமரன் மலைக்குப் போகவேண்டும் என்பது அவளுடைய பல வருஷத்து ஆசை; அந்த வளைவுப் பாதையில் மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்தால் எனக்குப் பிரஷர் ஏறும் என்று தட்டிக்கழித்துக்கொண்டே வந்தவர், ஹோட்டலுக்குப் பணமே கட்டிவிட்டார். தாம் இல்லாவிட்டாலும் அவள் தங்கையோடு போய்வரட்டும் என்று.

வெள்ளிக்கிழமை அவர் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை பெனடிக்டைச் சாப்பிடக் கூப்பிடட்டா?"

பெனடிக்ட் அவளுடைய தம்பி, கிள்ளானில் இருப்பவன். ஸ்டானிஸ்லாஸ் அவனோடு பேசிப் பல வருஷம் ஆகிறது. ஒரு கல்யாண விருந்தில், ஊருக்கெல்லாம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற எங்கள் மச்சான் தம்முடைய டெஸ்டில் மூன்று தடவை பெயிலானவர் என்று அவன் மைக்கில் சொல்லிவிட்டான். அது உண்மை என்பதுதான் அதில் மன்னிக்கமுடியாத விஷயம்.

ஸ்டானிஸ்லாஸ் கையிலிருந்த தட்டை அலசி முடித்தார். பிறகு, "கூப்பிடு. அவனும் நம்ம பிள்ளைதானே," என்றார்.

கெர்ட்ரூட் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று தெரிந்தது. இத்தனை வருஷம் இவளை இப்படி ஏங்கவிட்டோமே என்று அவருக்கும் கண் நிறைந்து, ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து பெனடிக்ட் குடும்பத்தோடு வந்தான். எல்லாரும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் நெய்ச்சோறும் சாப்பிட, ஸ்டானிஸ்லாஸ் உப்பில்லாத கொள்ளு ரசத்தைக் குடித்தார். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு டெஸ்டில் பெயிலான கதைக்கே வந்து சேர்ந்தது. இந்தமுறை பெனடிக்ட் நான்காவதாக ஒரு பெயிலையும் சேர்த்துச் சொன்னான். ஸ்டானிஸ்லாஸ் புன்னகைத்தார். அடிவயிற்றில் கொள்ளு குமுறியது.

கிளம்பும்போது பெனடிக்ட் அவரை லிப்ட் பக்கமாகத் தள்ளிக்கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்தினான்.

"மச்சான், மூணைத்தான் நாலுன்னு சொன்னேன். அப்பவும் நீங்க வாயைத் திறக்கல. ஒடம்புக்கு என்ன பண்ணுது? உண்மையைச் சொல்லுங்க."

ஒன்றுமில்லை, அக்காவைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டானிஸ்லாஸ் லிப்ட் பொத்தானை அழுத்தினார். பெனடிக்ட் கீழே இறங்கும் வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே போனதாகப் பிறகு தெரிந்தது.

திங்கட்கிழமை மறுபடியும் மலர். ஓல்ட் கிள்ளான் ரோட்டில் கார் போய்க்கொண்டிருந்தது. காலையில் தின்ற சுண்டல் வயிற்றிலேயே கல்லாக நின்றது. திடீரென்று இடது மார்புக்குக் கீழே ஏதோ பிடித்தது. பிடித்து, மேலே ஏறி, உள்ளே எல்லாப் பக்கமும் அழுத்தியது. சுவர்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இடமில்லாமல் விலா எலும்பைத் தள்ளுகிறது.

"மலர், பதட்டப்படாதீங்க," என்றார் மெல்லிய குரலில். "எனக்கு நெஞ்சை அடைக்குது."

மலர் அவரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று கேட்டாள். அது வருவதற்குள் நாமே போய்விடலாம், பிரிக்ஃபீல்ட்ஸில் நான் ஸ்கேன் எடுத்த கிளினிக் இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு அவள் அழவுமில்லை, நடுங்கவுமில்லை. கண்ணாடியைப் பார்த்தாள், சிக்னல் போட்டாள், ஒரு பெரிய லோரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே வண்டியை நூல் பிடித்தமாதிரி நுழைத்து வெளியே எடுத்தாள். ஒருவழிப் பாதைகளில் எங்கே திரும்பவேண்டுமோ அங்கே திரும்பினாள். பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவர் பக்கம் இருக்கும் பிரேக் மேலே ஸ்டானிஸ்லாஸ் வைத்திருந்த கால், வைத்தபடியே இருந்தது. ஒருமுறைகூட அழுத்தவேண்டி வரவில்லை. கிளினிக் வாசலில் இரண்டு கார்களுக்கு நடுவே கொஞ்சமே கொஞ்சம் இடம் இருந்தது. டெஸ்டில் அவள் இரண்டு தடவையும் விழுந்தது இந்த மாதிரி இடத்தில் பார்க்கிங் செய்யும்போதுதான். ரிவர்ஸ் போட்டு, ஒரே மூச்சில் உள்ளே கொண்டுபோய் நிறுத்தினாள்.

வண்டி நின்ற அதே கணத்தில் ஸ்டானிஸ்லாஸுக்கு ஓர் ஏப்பம் வந்தது. நீளமான ஏப்பம். அது முடிந்தபோது நெஞ்சு வலியில் பாதி காணாமல் போயிருந்தது.

அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் தோளில் கை போட்டபடியே உள்ளே நடந்தார்.

லீவு முடிந்து அன்றைக்குத்தான் வந்திருந்த டாக்டர் வாணி, உடனே இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். பிறகு அதை வயிற்றுப் பக்கம் நகர்த்தி, இன்னும் கவனமாகக் கேட்டார். அண்மையில் சாப்பாட்டில் ஏதாவது மாற்றமா என்றார்.

"கொள்ளு," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"எப்பப்ப?"

"மூணு வேளையும். ஒரு வாரமா."

டாக்டர் இ.சி.ஜி. தாளை மேசையில் வைத்தார். இ.சி.ஜி.யில் ஒரு குறையும் இல்லை, இது வாயு என்றார். அதை நம்பாமல் ஸ்டானிஸ்லாஸ் போனை எடுத்து ரிப்போர்ட்டைக் காட்டினார். பத்தையும் காட்டினார், பதினாலையும் காட்டினார். டேஞ்சர், சீரியஸ் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

டாக்டர் வாணி ரிப்போர்ட்டின் மேல் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒன்றை விரலால் பெரிதாக்கிக் காட்டினார். மில்லிமீட்டர்.

"நீங்க தேடிப் பார்த்தது சென்டிமீட்டர், அங்கிள். பத்து மில்லிமீட்டர்னா ஒரு சென்டிமீட்டர். உங்களுது நார்மல்."

பதினாலைப் பற்றிக் கேட்டார் ஸ்டானிஸ்லாஸ். டாக்டர் தம் கையை நீட்டிக் காட்டி, பிறகு முஷ்டியை இறுக்கி மடக்கினார். கையைத் தளர்த்தி வைத்திருந்தால் புஜம் மெலிந்து தெரியும், மடக்கினால் திரண்டு நிற்கும், இதயமும் தசைதான். அது விரிந்து இரத்தத்தை வாங்கும்போது சுவரை அளந்தால் டி என்று போடுவோம், சுருங்கி வெளியே தள்ளும்போது அளந்தால் எஸ். இரண்டும் ஒரு துடிப்புக்குள் நடப்பவை.

"பத்து பதினாலா ஆகுதுன்னா சுவர் வளருதுன்னு அர்த்தமில்ல. நல்லா துடிக்குதுன்னு அர்த்தம்."

ஆனால் பத்து என்பது நார்மலின் மேல் எல்லை என்றும் சொன்னார். பிரஷரைக் கவனிக்காமல் விட்டால், பாரம் தூக்குகிறவன் புஜம் தடிப்பதுபோல இந்தச் சுவரும் மெல்ல மெல்லத் தடிக்க ஆரம்பிக்கும். உப்பைக் குறைத்ததும் சிகரெட்டை விட்டதும் நல்ல காரியம், அதை மாற்றவேண்டாம். கொள்ளை மட்டும் மாற்றுங்கள் என்றார்.

ஸ்டானிஸ்லாஸ் வெளியே வந்தார். நாற்காலியில் பதறிப்போய் உட்கார்ந்திருந்த மலரிடம், பயப்பட ஒன்றுமில்லை, இனி நீ டெஸ்டில் பாஸ்தான் என்றார். நீ என்று கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

அவர் மனசு லேசாகிவிட்டது. லேசான மனசில் கணக்குகளும் ஓட ஆரம்பித்தன. பச்சைத் திரைச்சீலையை என்ன செய்வது, கேமரன் மலைக்குக் கட்டிய பணம் திரும்ப வருமா, பெனடிக்டிடம் அந்த நாலாவது பெயிலைப் பற்றி இன்றைக்கே பேசிவிடலாமா. அதெல்லாம் பிறகு. முதலில் கெர்ட்ரூடிடம் சொல்லவேண்டும். ஒரு வாரமாகச் சாவைத் தனியாக நெஞ்சில் சுமந்தேன், உன் மனசு நோகக்கூடாதென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று ஆரம்பிக்கவேண்டும். அவள் அழுவாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுப்பார். அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துத் திருத்திக்கொண்டே கவுன்டருக்கு வந்தார்.

கவுன்டரில் தாமரையைப் பார்த்ததும் பழைய லோரி ஹாரன் தானாகத் திரும்பி வந்தது. நோயாளிக்கு வெறும் நம்பரை அனுப்பிவிட்டு ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருப்பதா, எல்லாம் நார்மல் என்று ஒரு வார்த்தை சொல்ல இந்தக் கிளினிக்கில் ஆளே இல்லையா என்று, வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்.

தாமரைக்கு ஒன்றும் புரியவில்லை.

"உங்க போனுக்கு அடிச்சோம், நீங்க எடுக்கல அங்கிள். அதான் மறுநாளே, நீங்க ஃபாரத்துல எழுதின நம்பர்ல ஆன்டிக்குக் கூப்பிட்டு எல்லாம் நார்மல்னு சொன்னோம். அவங்கதான், 'மனுஷன் இப்பதான் நல்லா இருக்காரு, எதையாச்சும் சொல்லிக் கெடுத்துடாதீங்க லா'ன்னாங்க."